இரண்டு முறை பிரிந்த பற்று: செம்பு வாலை செய்த அனுபவம்

செம்பில் ஒரு வாலை செய்யலாம் என்று இறங்கியபோது எனக்குத் தெரிந்த தகட்டுவேலை, பழைய டின்னை வெட்டிப் புனல் செய்தது மட்டும்தான். வாலை என்றால் காய்ச்சி வடிக்கும் கலம். சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்குவது இதில்தான். ஒரு பானை, அதன் மேல் கூம்பு மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய், குளிர்ந்த நீருக்குள் ஒரு சுருள். படத்தில் பார்த்தால் ஒரு நாள் வேலை. எனக்கு ஏழு வார இறுதிகள் ஆயின.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சாராயம் காய்ச்ச அல்ல. வீட்டில் மது வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நியூசிலாந்து போல வெகுசில நாடுகளே சொந்த உபயோகத்துக்கு விட்டிருக்கின்றன (அங்கே 1996இலிருந்து). சில நாடுகளில் வாலையை வைத்திருக்கவே அனுமதி வேண்டும். எனக்குப் பூநீரும் வாசனை எண்ணெயும் போதும். ஆல்கஹால் ஆவி கசிந்து நெருப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அடியில் நெருப்பெரியும் இந்தப் பானைக்கு அது ஆகவே ஆகாது.

எவர்சில்வர் இருக்கச் செம்பு எதற்கு? இரண்டு காரணம். செடி கொடிகள் வேகும்போது வரும் கந்தக நாற்றத்தைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று வெப்பம். செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400, எவர்சில்வருடையது வெறும் 15 அளவில்தான். அடி ஒரே இடத்தில் கருகாது, சுருளும் ஆவியைச் சட்டென்று குளிர்விக்கும். இந்தக் குணத்தை நம்பித்தான் செம்பை வாங்கினேன். பின்னால் என்னைப் படாத பாடு படுத்தியதும் இதே குணம்தான்.

பானைக்கு 24 செ.மீ. விட்டம், 22 செ.மீ. உயரம். கொள்ளளவு கிட்டத்தட்ட 10 லிட்டர். ஒரு மில்லிமீட்டர் கனத் தகடு. சுற்றளவு 75.4 செ.மீ. வருகிறதா, சரியாக 75.4க்கு வெட்டினேன். வெட்டி, உருட்டி, ஓரத்தின் மேல் ஓரத்தை ஒரு செ.மீ. ஏற்றி வைத்த பிறகுதான் உறைத்தது. ஏற்றுக்கான அந்த ஒரு செ.மீட்டரைக் கூட்ட மறந்திருக்கிறேன்! விட்டம் 3 மில்லிமீட்டர் சுருங்கிவிட்டது. கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் மூடியின் வளையம் பானைக்குள் இறங்கவே இல்லை.

நல்லவேளையாகக் கூம்பை இன்னும் பற்றவைக்கவில்லை. கூம்பு என்பது விரித்துப் பார்த்தால் வட்டத்தின் ஒரு துண்டு. அடி ஆரத்தைச் சாய்வு நீளத்தால் வகுத்து 360ஆல் பெருக்கினால் அந்தத் துண்டின் கோணம் வரும். எனக்கு ஆரம் 12, சாய்வு 20, ஆகவே 216 பாகை. இங்கே மட்டும் ஏற்று மறக்கவில்லை, அடிபட்ட புத்தி. ஆரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைய, அடி விளிம்பில் இரண்டரை மில்லிமீட்டரைச் சுற்றிலும் நறுக்கினால் போதும் என்று கணக்கு சொன்னது. நறுக்கினேன், வளையத்திலும் ஒரு செ.மீ. குறைத்தேன். பானைக்குள் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்து வடிவியலுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அடித்தகடு 26 செ.மீ. வட்டம். அதன் ஓரத்தைச் சுற்றிலும் ஒரு செ.மீ. மேல்நோக்கி மடிக்க வேண்டும். மரச்சுத்தியால் தட்டத் தட்டச் செம்பு இறுகும். முதல் சுற்றில் வெண்ணெய் போல் வளைந்தது, இரண்டாம் சுற்றில் முரண்டு பிடித்தது. மங்கிய சிவப்பு வரும்வரை சூடேற்றி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும். எஃகைப் போல, தண்ணீரில் முக்கினால் விறைத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இரண்டு முறை சூடேற்றி வழிக்குக் கொண்டுவந்தேன்.

இனிதான் பற்றவைப்பு. நம் பேச்சில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. மின்வேலைக்கு வாங்கும் பழைய வகைப் பற்றுக்கம்பியில் காரீயம் கலந்திருக்கும். அது நஞ்சு. வாயில் படும் எதையும் வடிக்கும் கலத்தில் அதற்கு இடமே இல்லை. வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்போ வெள்ளியோ சேர்ந்த, காரீயம் அறவே இல்லாத கம்பிதான் வேண்டும். அது உருகுவது 220, 230 பாகை செல்சியஸ் அளவில். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பக்கவாட்டு இணைப்பு அழகாக வந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஃபிளக்ஸ் (ஈயம் ஓடிப் பிடிக்க உதவும் பசை) பூசி, கேஸ் டார்ச்சின் சுடரைத் தகட்டில் காட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைத் தொட்டால் இடுக்குக்குள் ஈயம் தானாக ஓடுகிறது. கம்பியைச் சூடாக்கக் கூடாது, தகட்டைத்தான் சூடாக்க வேண்டும். ஓடிய ஈயம் இடுக்கில் வெள்ளிக் கோடாக மின்னியபோது, எனக்குள் ஒரு பத்தர் ஒளிந்திருந்தார் என்றே நினைத்துவிட்டேன். அந்த நினைப்பு அரை மணி நேரம்தான் நீடித்தது. அடியைச் சுற்றிப் பற்றவைத்துக்கொண்டே போய் வட்டத்தை முடிக்கும் நேரம், பக்கவாட்டு இணைப்பு மெல்ல வாயைப் பிளந்தது. நான் இங்கே கொடுத்த சூட்டைச் செம்பு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. 400 என்ற எண்ணுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பிரித்து, துடைத்து, முதலிலிருந்து. இந்தத் தடவை பக்கவாட்டில் மூன்று இடங்களில் செம்பு ரிவெட் அடித்தேன். ஈயம் இளகினாலும் தகடு நகராது. அடியைப் பற்றவைக்கும்போது பழைய இணைப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்தேன். துணி புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டது, இணைப்பு அசையவில்லை. கூம்பு, வளையம், கழுத்து எல்லாம் இதே முறையில் முடிந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

சுருளுக்கு 10 மி.மீ. மென்செம்புக் குழாய், மூன்றரை மீட்டர். வெறுமனே வளைத்தால் குழாய் மடிந்து நசுங்கும். அதனால் நன்றாகக் காய்ந்த பொடிமணலை உள்ளே தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் தக்கையால் அடைத்து, 15 செ.மீ. விட்டமுள்ள குழாய் மேல் ஆறு சுற்று சுற்றினேன். இது பத்து நிமிட வேலை. மணலை வெளியே எடுக்க அரை நாள்! சுற்றுகள் எங்கும் பள்ளம் விழாமல் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். பள்ளத்தில் நீர் தேங்கினால் ஆவி முட்டி, வடிநீர் விக்கி விக்கி வரும். குளிர்நீரைத் தொட்டியின் அடியில் விட்டு மேலே வழியவிட வேண்டும்.

எவ்வளவு குளிர்நீர் வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். 1.5 கிலோவாட் சூடு முழுதாக நீருக்குள் போனால் நிமிடத்துக்கு 40 கிராம் ஆவி, மணிக்கு 2.4 லிட்டர். அதே சூட்டைச் சுருளில் இறக்கிவைக்க, குளிர்நீர் 20 பாகை ஏறலாம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஓட வேண்டும்.

கசிவுச் சோதனையில் அடியில் இரண்டு ஊசித்துளைகள், கழுத்தில் ஒன்று. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, சுருளின் முனையில் வாய் வைத்து மெதுவாக ஊதினால் போதும், துளை தானே குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். மூடிக்கும் பானைக்கும் நடுவே மாவுப் பசைதான் பூசுகிறேன். திருகி இறுக்கும் பூட்டு எதுவும் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். இலையோ இதழோ கழுத்தை அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினால் பசை முதலில் விட்டுக்கொடுக்கும், பானை வெடிக்காது. வடியும் முனையை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது.

முதல் ஓட்டம் வெறும் தண்ணீரும் வினிகரும். இளநீல நிறத்தில் வடிந்தது. அமிலம் செம்பைக் கரைத்ததன் அடையாளம் அது. கொட்டிவிட்டு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை ஓட்டினேன், தெளிந்தது.

அடுத்து எலுமிச்சைப்புல், ஒரு கிலோ, நறுக்கிப் போட்டு மூன்று லிட்டர் தண்ணீர். அதன் மணத்துக்குக் காரணமான சிட்ரால் தனியாகக் கொதிக்க 229 பாகை வேண்டும். நீரோடு சேர்ந்தால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடுவதால், 100 பாகையைக்கூடத் தொடாமல் நீராவியின் தோளில் ஏறி வந்துவிடும். முதல் சொட்டு விழுந்ததும் அறையே மணத்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்தேன். பேச்சு நீண்டுவிட்டது.

மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வடியும் என்று கணக்குப் போட்டவன் நானேதான். மூன்று லிட்டர் எத்தனை நேரம் தாங்கும் என்பது மட்டும் அப்போது தோன்றவில்லை. கருகல் வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், அடிவிளிம்பில் வெள்ளி மணிகள் கோத்தாற்போல் ஈயம் வழிந்து நிற்கிறது. தண்ணீர் இருக்கும்வரை தகடு 100 பாகைப் பக்கம்தான் இருக்கும். தண்ணீர் தீர்ந்தால் 230ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அடுப்பை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றேன்.

அடியை மூன்றாம் முறையாகப் பற்றவைத்தேன். இப்போது தண்ணீரை ஆறு லிட்டராக்கி, வடிநீர் பிடிக்கும் பாத்திரத்தில் மூன்று லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டைத் தொட்டதும் அடுப்பு அணையும். சுடர் பக்கவாட்டில் ஏறி நீர்மட்டத்துக்கு மேலே தகட்டை நக்காதபடி தணிவாகவே எரிகிறது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வருகிறேன்.

அதற்கடுத்த ஓட்டத்தில் வடிநீரின் மேல் வெளிர்மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. சொட்டுக்குழாயால் உறிஞ்சி அளந்தால் இரண்டரை மில்லி. அடர்நிறச் சீசாவில் அடைத்து மூடியிருக்கிறேன். அடுத்தது ரோஜா. அதில் எண்ணெய் கண்ணில் படும் என்ற ஆசை எனக்கில்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் பூ வேண்டும், மணத்தில் பெரும்பங்கும் நீரிலேயே கரைந்து நின்றுவிடும். எனக்குப் பூநீர் கிடைத்தால் போதும்.