மகளின் மருந்துக்காக மக்களவையில் ஒரு கேள்வி

என் மகளுக்குக் காச்சர் நோய். உடலில் ஒரு என்சைம் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் ஒருவகைக் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் போய்த் தேங்குகிறது. வயிறு உப்பிக்கொண்டே போகும், பிளேட்லெட் இறங்கும். அந்த என்சைமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ் போல ஏற்றினால் பிள்ளை எல்லாரையும் போலப் பள்ளிக்கூடம் போய்வரும். மருந்து இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது. விலைதான் ஆளை அடிக்கிறது. கிலோவுக்கு 60 யூனிட் என்பது வழக்கமான கணக்கு, ஒரு குப்பியில் இருப்பது 400 யூனிட். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு மூன்று குப்பி, ஆண்டுக்கு 26 தடவை. மற்ற வீடுகளில் பிள்ளை எடை கூடினால் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் கால்குலேட்டரை எடுப்போம்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2021 மார்ச்சில் அறிவித்தது. ஒரே சிகிச்சையில் தீரக்கூடிய முதல் பிரிவு நோய்களுக்கு 20 லட்ச ரூபாய் வரை உதவி என்றார்கள். ஆயுள் முழுக்க விலையுயர்ந்த மருந்து தேவைப்படும் மூன்றாம் பிரிவுக்கு, அதாவது எங்களுக்கு, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் இணையதளத்தைக் காட்டினார்கள். 2022 மே மாதத்தில்தான் எந்தப் பிரிவானாலும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று மாறியது. பணம் நம் கைக்கு வராது, அரசு அறிவித்த உயர் சிறப்பு மையங்களுக்குப் போகும். முதலில் அறிவித்த எட்டு மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை என்பதால் வெளிமாநில மையம் ஒன்றில் பதிந்தோம்.

மருந்து தொடங்கி, வயிறு வற்றி, பிள்ளை ஓடியாட ஆரம்பித்த நேரத்தில் மையத்திலிருந்து "ஃபண்ட் வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். டெல்லிக்கு மின்னஞ்சல் அனுப்பினால், மையம் முந்தைய தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது அதைச் செலவு செய்த கணக்கு, அனுப்ப வேண்டும் என்று பதில். மையத்தில் கேட்டால், அனுப்பியாகிவிட்டதாம். நடுவில் நாங்கள். பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒருவர்தான், "எம்.பி.யைப் பிடிங்க, பார்லிமெண்ட்ல கேக்கச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் எல்லா வேலையையும் பார்ப்பவர் அவருடைய பி.ஏ. வயது முப்பதுக்குள் இருக்கும். குழுவாகச் சேர்ந்து எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, "அக்கா, இது மனு. அமைச்சருக்குக் கடிதமா அனுப்பிடுறேன். ஆனா கேள்வின்னா வேற மாதிரி எழுதணும்" என்றார். மக்களவை விதிப்படி ஒரு கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம் கூடாது, குத்தல் பேச்சு கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தைக் கேட்கக் கூடாது. அரிய நோய் வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கமே போகாமல் எழுத வேண்டியிருந்தது. மகளைப் பற்றிய வரிகளை எல்லாம் அடித்துவிட்டார். மனசு கேட்கவில்லைதான். ஆனால் அவர் சொன்ன காரணம் சரி: ஒரு பிள்ளையின் கதைக்கு அமைச்சகம் அனுதாபம் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடும், எண்ணிக்கை கேட்டால் யாராவது உட்கார்ந்து கோப்பைப் புரட்டியாக வேண்டும்.

அடுத்தது, எந்த வகைக் கேள்வி என்பது. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். டிவியில் வரும். ஒரு நாளைக்கு 20 கேள்விதான் அந்தப் பட்டியலில் இடம்பெறும், அதிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் நாலைந்துதான் எட்டும். அவையில் அமளி என்றால் அதுவும் இல்லை. நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை ஏற்பார்கள், பதில் எழுத்தில் வரும். எங்களுக்கு இதுதான் தோது. டிவியில் நாலு வார்த்தை வருவதைவிட அட்டவணை போட்ட காகிதம் கையில் இருப்பது நல்லது.

அந்தப் பி.ஏ. செய்த பெரிய உதவி, இதே விஷயத்தில் வந்த பழைய பதில்களை எடுத்துக் காட்டியது. கேள்வியில் ஐந்து பகுதி இருக்கும். பதில் "(அ) முதல் (உ) வரை" என்று மொத்தமாகத் தொடங்கி, கொள்கையில் இருக்கும் பத்திகளையே திருப்பிச் சொல்லும். "பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை" என்ற வரி வேறு தவறாமல் இருக்கும். "அரசுக்குத் தெரியுமா", "நடவடிக்கை எடுக்குமா" என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும். அதனால் ஒன்றோடொன்று ஒட்டாதபடி கேட்டோம். கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒவ்வொரு மையத்துக்கும் ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு? மூன்றாம் பிரிவில் பதிந்தவர்கள் எத்தனை பேர், அதில் மருந்து பெறுவோர் எத்தனை பேர்? மையம் கேட்ட தேதியிலிருந்து பணம் விடுவிக்க எத்தனை நாள் ஆகிறது? 50 லட்சம் என்பது ஆண்டுக்கா, ஆயுளுக்கா? ஆயுளுக்கு என்றால் தீர்ந்த பிறகு என்ன ஏற்பாடு?

பதில் வர வேண்டிய நாளுக்கு முழுதாக 15 நாள் முன்பே நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். சுகாதாரத் துறை மக்களவையில் பதில் சொல்லும் நாள் வெள்ளிக்கிழமை. வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். முதலில் எங்களுக்கு விழவில்லை, அதே கூட்டத்தொடரில் மறுபடி கொடுத்தபோது விழுந்தது. பட்டியலைப் பார்த்தால் எங்கள் எம்.பி. பெயரோடு வேறு மாநில, வேறு கட்சி எம்.பி. ஒருவர் பெயரும் இருந்தது. அவரும் இதையே கேட்டிருக்கிறார், சேர்த்துவிட்டார்கள். அங்கே எந்த வீட்டுக்காரர்கள் போய் நின்றார்களோ.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு நாடாளுமன்ற இணையதளத்தில் பதில் ஏறியது. முதல் இரண்டு பகுதிக்கும் மையவாரியாக அட்டவணை இணைத்திருந்தார்கள். எங்கள் மையத்துக்கு அந்த நிதியாண்டில் பணம் விடுவித்ததாகவும், அதில் ஒரு பகுதி செலவாகாமல் இருப்பதாகவும் அந்த வரிசையில் தெளிவாகப் போட்டிருந்தது. அச்செடுத்து, அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு மையத்துக்குக் கொண்டுபோனேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், அப்புறம் எழுந்து உள்ளே போனார். அடுத்த மாதமே மருந்து வந்தது. அந்தக் காகிதத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "ஃபண்ட் இல்லை" என்று அதன்பிறகு யாரும் சொல்லவில்லை.

50 லட்சம் பற்றிய கேள்விக்கு, "ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை" என்று கேட்ட வரியையே பதிலாகக் கொடுத்திருந்தார்கள். எத்தனை நாள் ஆகிறது என்பதற்கு, தகவல் சேகரிக்கப்படுகிறது என்றார்கள். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல், பி.ஏ.வுக்குச் சந்தோஷம். அமைச்சர் அப்படிச் சொன்னால் அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், தவறினால் உறுதிமொழிக் குழு கேட்கும். கெடு தாண்டிவிட்டது, இன்னும் தகவல் வரவில்லை. குழுவுக்கு எழுதியிருக்கிறோம்.

ஆயுளுக்கா என்ற கேள்வியை இந்த முறை மாநிலங்களவை வழியாகக் கேட்கப் போகிறோம். தமிழ்நாட்டுக்கு அங்கே 18 உறுப்பினர்கள், தொகுதிக் கணக்கு கிடையாது, யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். சுகாதாரத் துறைக்கு அங்கே செவ்வாய்க்கிழமை. கூட்டத்தொடர் தேதி அறிவித்த அன்றைக்கே வரைவோடு போய் நில்லுங்கள், தொடங்கிய பிறகு அவர்களைப் பிடிப்பது கஷ்டம்.