பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது

பிப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமை. நாங்கள் சிங்கப்பூரிலிருந்து பிரான்சுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் அடித்து முடித்தது. கடிகாரத்தில் பகல் 12 மணி. அப்போது ஊரே அலற ஆரம்பித்தது.

சைரன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற சைரன். என் வீட்டுக்காரர் விமானத் தளத்தில் இருந்தார். அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்று வயதுக்காரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஐந்து வயதுக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். ஏன் மேசைக்கு அடியில் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது. குக்கர் தன் பங்குக்கு மூன்றாவது விசிலையும் விட்டது. அடுப்பை அணைக்கவா, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளவா என்று நான் தடுமாறும்போது மகள் தலையை நீட்டிச் சன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காங்க."

ஆமாம். ஒரு தலையணை உறையை உதறி, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி, நிதானமாக அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். "அட, அதுவா. மாசா மாசம் முதல் புதன் பன்னெண்டு மணிக்குச் சோதனைக்கு அடிப்பாங்க. நாடு முழுக்க. சொல்ல மறந்துட்டேன்" என்றார், காலணியைக் கழற்றிக்கொண்டே. சோதனை என்றால் 1 நிமிடம் 41 விநாடி ஒரே ஒரு தடவைதான் ஒலிக்குமாம். உண்மையான ஆபத்து என்றால் அதையே மூன்று தடவை ஒலிக்கவிடுவார்களாம். நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டா இருந்தேன்?

சைரன் நமக்குப் புதிதில்லை. சிங்கப்பூரில் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு, 1942ல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவூட்ட, தீவு முழுவதும் ஒலிக்கும். ஆனால் முன்கூட்டியே வானொலியில் சொல்லிவிடுவார்கள். காப்பிக்கடையில் யாரும் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்த மாட்டார்கள். அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் நிதானம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஒன்பது நாளில் எங்கே தொலைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

நாங்கள் இங்கே வந்த காரணம் எளிது. நம் தீவு 730 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஜெட் விமானம் ஒன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று நான்கு நிமிடத்தில் போய்விடும். அதற்குள் எங்கே பயிற்சி பெறுவது? அதனால் சிங்கப்பூர் ஆகாயப்படையின் 150 ஸ்குவாட்ரன் என்ற பிரிவு 1998 முதல் தென்மேற்கு பிரான்சில், காஸோ என்ற இடத்தில் இருக்கும் பிரெஞ்சு விமானத் தளத்தில் பயிற்சி நடத்துகிறது. விமானி ஆகப்போகிற இளைஞர்கள் எம்-346 என்ற பயிற்சி ஜெட்டில் பறப்பார்கள். அதைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். மூன்று ஆண்டுப் பணி. நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன், பணிப்பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்பினோம், பிள்ளைகளின் அப்பாயியை ஈசூனில் நாலறை வீட்டில் தனியாக விட்டுவிட்டு விமானம் ஏறினோம்.

ராணுவக் குடும்பம் என்றால் இடம் மாறுவது சகஜம்தானே என்பார்கள். சிங்கப்பூரில் நாங்கள் ராணுவக் குடும்பமாகவே இருந்ததில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்து எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போய்வருகிற இன்னொரு குடும்பம், அவ்வளவுதான். இங்கே வந்த பிறகுதான் பெயருக்குப் பின்னால் ஒரு விமானத் தளம் ஒட்டிக்கொண்டது.

குளிரைச் சமாளித்துவிடலாம். வலப்பக்கம் வண்டி ஓட்டவும் கற்றுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடைகள் அடைத்துக் கிடப்பதைக்கூட மன்னித்துவிடலாம். என்னைக் கவிழ்த்தது புதன்கிழமை. இங்கே எங்கள் ஊரில் புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. திங்கள், செவ்வாய் உண்டு. வியாழன், வெள்ளி உண்டு. நடுவில் ஒரு பள்ளம். இதை முதல் வாரம் ஆசிரியை சொன்னபோது ஏதோ விசேஷ விடுமுறை என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த புதன் இரண்டு பேருக்கும் குல்லாய், கையுறை, கழுத்துத் துணி எல்லாம் மாட்டி (இருபது நிமிட வேலை) பூட்டிய கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். எங்களோடு அங்கே ஒரு பூனையும் நின்றது.

மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம் என்று 2019ல் சட்டம் போட்ட நாடு, வாரத்தின் நடுவில் பிள்ளைகளை நம் தலையில் கட்டிவிடுகிறதே! திங்களும் செவ்வாயும் அழுது முடித்து, செவ்வாய் சாயங்காலம்தான் மகன் ஆசிரியைக்குக் கையாட்டத் தொடங்கினான். புதன் வீட்டில் இருந்தான். வியாழன் காலை பழையபடி முதல் நாள் அழுகை.

இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு 'தூதூ' இருக்கும். கட்டிக்கொண்டு தூங்குகிற பொம்மையோ துணியோ. "இவனுடைய தூதூ எங்கே?" என்று ஆசிரியை கேட்டார். அவனுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. அப்பாயியின் பழைய வாயில் புடவையில் அரை கஜம் கிழித்து, பெட்டியில் பாத்திரங்களுக்கு நடுவே சுற்றிவைத்திருந்தேன். அதைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு துணிப்பையில் போட்டு, அவன் பெயர் எழுதி, வரிசையில் முயல், கரடிகளுக்கு நடுவே மாட்டிவைத்திருந்தார்கள். மாலையில் அவனைத் தூக்கும்போது கழுத்தில் பாண்ட்ஸ் பவுடர் வாசனை அடித்தது.

புதன் ஏன் இப்படி ஆனது என்று எனக்கு விளக்கியது அந்தப் பக்கத்து வீட்டு மதாம்தான். எழுபதைத் தாண்டியவர். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது. நடுவில் ஒரு கைப்பேசி, நான்கு மாதம் போனதும் கைப்பேசிக்குப் பதிலாக என் மகள். 1882ல் பள்ளிக்கல்வியிலிருந்து மதத்தைப் பிரித்தபோது, பெற்றோர் விரும்பினால் வெளியே சமய வகுப்புக்கு அனுப்பிக்கொள்ளட்டும் என்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினார்களாம். அப்போது அது வியாழன். 1972ல்தான் புதனுக்கு மாறியது. மதாமின் சிறுவயது விடுமுறையெல்லாம் வியாழன்தான். ஒருபோதும் நடக்காத காரியத்தை "நாலு வியாழக்கிழமை வருகிற வாரத்தில் நடக்கும்" என்று இன்றைக்கும் சொல்வார்களாம்.

எனக்கு விட மனசில்லை. எங்களிடமும் ஒரு பழமொழி இருக்கிறது, பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லி, மகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். அவள் என்ன சொன்னாளோ, மதாம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டு பிள்ளையையும் வீட்டில் வைத்துக்கொண்டு தங்கத்தைவிடப் புதன்கிழமை உசத்தி என்று சொல்கிற முதல் அம்மா நீங்கள்தான்" என்றாராம்.

அப்புறம்தான் அந்தப் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது என்று யோசித்தேன். மகள் திரும்பிப் போனால் தொடக்கப்பள்ளி. அங்கே தாய்மொழி என்று ஒரு பாடம் காத்திருக்கிறது. இவளோ சோற்றைத் தட்டில் வைத்தால் "மெர்சி" என்கிறாள். சரி, புதன் காலை தமிழ் என்று அறிவித்தேன். சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, அவளைக் கிழமைகளைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்லி, பக்கத்தில் நான் தமிழில் எழுதினேன்.

"மெர்க்ரெதி" என்று நான் திருப்பிச் சொன்னேன். "அப்படி இல்லம்மா, தொண்டையில சொல்லணும்" என்று திருத்தினாள். பதிலுக்கு 'வியாழன்' சொல்லச் சொன்னேன். வியாளன் என்றாள். நாக்கை மடக்கு, இன்னும் உள்ளே என்று நான் வாயைத் திறந்து காட்ட, அவள் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் தொண்டையை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் என் கண்ணில் பட்டது. மார்தி, மார்ஸ்: செவ்வாய். மெர்க்ரெதி, மெர்க்குரி: புதன். வாந்த்ரதி, வீனஸ்: வெள்ளி. லன்தி என்பது நிலா நாள். நம்முடைய திங்களும் நிலாதான். ஜூதி வியாழக் கோள். ஆங்கிலத்தில் வென்ஸ்டே யாரோ வோடன் என்கிற வட ஐரோப்பியத் தெய்வத்தின் நாள். பிரெஞ்சுக்காரனும் நாமுமோ அண்ணாந்து பார்த்து அதே கோளைக் காட்டுகிறோம்! இத்தனை வருடம் ஆங்கிலத்தில் படித்து வேலை பார்த்தும் எனக்கு இது உறைக்கவே இல்லை. உடனே அவருக்குச் செய்தி அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: "சரி. பால் வாங்கணுமா?"

அன்றிலிருந்து புதன் எனக்குப் பிடித்த நாளாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தமிழ் முடிந்ததும் பிலா மணல்மேட்டுக்குப் போவோம். நூறு மீட்டருக்கு மேல் உயரம்; ஐரோப்பாவிலேயே பெரிய மணல்மேடு. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் பைன் காடு. 2022 ஜூலையில் எரிந்த பகுதி மேலிருந்து தெரியும். அப்போது இந்தப் பக்கத்துக் காட்டில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் போனதாம். பிள்ளைகள் உருண்டு இறங்குவார்கள். நான் உச்சியில் உட்கார்ந்து, இதைவிட என்ன வேண்டும் என்று நினைப்பேன். நினைத்து முடிப்பதற்குள் வேறொரு புதன் வந்துவிடும். ஈசூனில் பாலர் பள்ளி விடும் நேரம், அப்பாயி குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வெற்றுத்தளத்துத் தூணில் சாய்ந்து நிற்பார். ஒரு கையில் ஈரச்சந்தையில் வாங்கிய கங்கூன் கீரை, மறுகை பேத்தியின் புத்தகப் பைக்கு. மின்தூக்கிக்குள் ஆறாவது மாடி வரும்வரை இருவரும் சண்டை போடுவார்கள். எந்தப் பொத்தானை யார் அமுக்குவது என்று.

ஏப்ரல் விடுமுறையில் பாரிசுக்குப் போனோம். போர்தோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவும் ஒரு புதன்தான். ஐஃபெல் கோபுரத்தைவிட லா ஷப்பெல் வீதியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துத்தான் நான் படமெடுத்துத் தள்ளினேன். ஒரு மளிகைக் கடையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். "எங்கயிருந்து வாறியள்? அங்க என்ன வேலை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அப்பா ஜெட் ப்ளேன் ரிப்பேர் பண்றாங்க. எங்க வீட்டு மேல தினமும் போகும், ஸ்ஸ்ஸுன்னு!"

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கட வீட்டுக்கு மேலயும் போனது, பிள்ளை. அப்ப நாங்கள் பங்கருக்குள்ள ஓடுவம்" என்றார்.

எனக்குச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. அந்தக் கதையை நான் அதுவரை இருபது பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பேன். அவரிடம் சொல்லவில்லை. சிங்கப்பூர் ஆகாயப்படை என்று மெதுவாகச் சொன்னேன். "சிங்கப்பூரோ, அது சரி" என்றார். ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை நிறுக்காமல் பையில் போட்டார். பாரிசில் கறிவேப்பிலை இலவசமாக வாங்கியவள் நானாகத்தான் இருப்பேன்.

போன வாரம் முதல் புதன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பாயி காணொளியில் வந்தார். அங்கே சாயங்காலம். விளக்கேற்றிவிட்டு, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி வியாழன் சொல்லிக் காட்டினாள். நாக்கு சரியாக மடங்கியது. பேரன் புடவைத் துண்டைக் காட்டினான். "அடப்பாவி, அது என் புடவையாச்சே" என்றார். அப்போது சைரன் பிடித்துக்கொண்டது. நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"என்னம்மா சத்தம் அங்க?" என்றார் அப்பாயி.

"இன்னைக்குப் புதன், அப்பாயி" என்றாள் மகள், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது போல.

"பன்னெண்டு மணிச் சங்கா?" அப்பாயியின் முகம் திரைக்கு இன்னும் கிட்டே வந்தது. "மன்னார்குடியில நகராட்சி ஆபீஸ்ல ஊதுவான். அதைக் கேட்டுத்தான் எங்கம்மா உலையில அரிசி போடும். இரு, இரு, நிறுத்தாத, கேக்கட்டும்."

மகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடி, சன்னலைத் திறந்து வெளியே நீட்டினாள். பக்கத்துத் தோட்டத்தில் மதாம் துணிக் கூடையோடு நின்று கையசைத்தார்.