சிவப்புத்தான் முதலில் போகும்

2024 ஜனவரி 27, சனி

முகமாலையில் இன்னும் எஞ்சியிருக்கும் மண்டையோட்டுப் பலகைகளை இன்று படம் எடுத்தேன். மூன்று மொழிகளிலும் எச்சரிக்கை எழுதிய சிவப்புத் தகடு வெயில் படும் பக்கத்தில் இளஞ்சிவப்பாகி, விளிம்பில் வெறும் தகரமாகிவிட்டிருக்க, வெள்ளையில் வரைந்த மண்டையோடு மட்டும் நேற்றுப் பூசியதுபோல் நிற்கிறது. கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு அப்பால் வடலிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. 2009க்குப் பிறகு அவற்றை வெட்ட எவரும் உள்ளே போகவில்லை.

ஜனவரி 28

அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி இன்னும் தரவில்லை.

ஜனவரி 30

கிளிநொச்சியில் இராணுவம் கட்டிய போர் நினைவுச்சின்னத்தை எடுப்பதைப் போல எளிதான வேலை வேறில்லை. கொங்கிறீற்றுக் கனசதுரத்தை எறிகணை துளைத்துப் பிளக்கச் செய்திருக்கிறது, பிளவின் மேல் தாமரை பூத்திருக்கிறது. பக்கத்தில் நின்ற சிப்பாய் படத்துக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று தானாகவே விலகி நின்றார். புல் வெட்டியிருக்கிறது, பூச்சு எங்கும் உரியவில்லை. யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு பராமரிக்கும் பொருளுக்கு வயது ஏறுவதில்லை.

பெப்ரவரி 1

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராடும் கொட்டகையில் கமராவை வெளியே எடுத்தவுடன், வீதிக்கு அப்பால் மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவர் என்னைத் தம் கைபேசியில் எடுத்தார். நான் அவரை எடுக்கவில்லை.

2017 பெப்ரவரி 20 முதல் அங்கே தொங்கும் படங்களில் அண்ணாவினுடையது மூன்றாம் வரிசையில் இருக்கிறது. லாமினேற் செய்த தாளுக்குள் முகம் முழுவதும் நீலமாகி, மூக்கும் வாயும் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. கீழே வயது 19 என்று கறுப்புப் பேனையால் எழுதியது மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. அம்மா வழக்கம்போல் சேலைத் தலைப்பால் படத்தின் தூசியைத் துடைத்துவிட்டு, “அவன் அப்பிடியேதான் இருக்கிறான், என்ன?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

பெப்ரவரி 4

சுதந்திர தினம்; எங்களுக்குக் கரிநாள். சிங்கக்கொடியையும் கறுப்புக் கொடியையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர முடிந்தது; மிகவும் கெட்டிக்காரத்தனமான படமாக இருந்ததால் அழித்துவிட்டேன்.

பெப்ரவரி 8

யாழ்ப்பாணம் போய்வந்தோம். 14ஆம் திகதி என்று எழுதித் தந்தார்கள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு நீண்ட மதிலைக் கண்டேன். 2019 டிசம்பரில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களுக்கு வர்ணம் தீட்டிய அந்தச் சில வாரங்களில் வரைந்ததாக இருக்கலாம். மயிலின் கழுத்து மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன் மேல், 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்து நடக்காமலே போன உள்ளூராட்சித் தேர்தலின் சுவரொட்டிகள். வேட்பாளர்களும் நீலமாகிக்கொண்டிருக்கிறார்கள்.

பெப்ரவரி 11

இரவு முழுவதும் கணினியில் அண்ணாவின் படத்தோடு இருந்தேன். கொட்டகையில் தொங்குவதை நேராக எடுத்து, சிவப்பைக் கூட்டிப் பார்த்தேன், மஞ்சளைக் கூட்டிப் பார்த்தேன். நீலக் கறை ஊதாக் கறையாக மாறியதே தவிர முகம் வரவில்லை. மூலப்படம் இடப்பெயர்வில் எங்கோ போய்விட்டது. தொங்குவதுகூடப் பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்றிலிருந்து பெரிதாக்கியதுதான். காலையில் ஸ்ரூடியோக்காரரிடம் கொண்டுபோனேன். அச்சுமையில் சிவப்பும் மஞ்சளும் வெயிலுக்கு முதலில் போய்விடும், நீலம்தான் கடைசிவரை நிற்கும் என்று விளக்கிவிட்டு, “திருத்தித் தரலாம் தம்பி, முகத்தை நீங்கள் சொல்லுங்கோ” என்றார்.

எனக்கு அப்போது 9 வயது. புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருந்தது நினைவிருக்கிறது. எந்தப் புருவம் என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆளிடம் கேட்க முடியாது. இடது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 13

படம் இன்னும் ஆகவில்லையாம். மின்வெட்டு.

பெப்ரவரி 14

சத்திரசிகிச்சை முடிந்தது. நாளை கட்டு அவிழ்ப்பார்கள்.

பெப்ரவரி 15

பேருந்தில் சன்னலோரம் இருந்து, எதிர்ப்பட்ட பலகைகளையெல்லாம் அம்மா வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தார்: கடைப் பெயர்கள், சீமெந்து விளம்பரம், படைமுகாமின் பெயர். முகமாலையில் மண்டையோட்டைக் கண்டதும், “சிவப்பெல்லாம் போட்டுது” என்றார். ஆனையிறவுப் போர் நினைவுச்சின்னத்தில், இலங்கைப் படத்தைத் தூக்கிப்பிடித்திருக்கும் அந்தப் பெரிய கைகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பரந்தன் தாண்டியதும் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகமுதல் கோயிலடியில் இறங்குவோம் என்றார்.

பெப்ரவரி 17

அம்மாவையும் ஸ்ரூடியோவுக்கு அழைத்துப் போனேன். தழும்பு வலது புருவத்தில்.