பந்திங்கிலிருந்து முதல் விமானம்

சபா மாநிலத்துத் தாவாவுக்குக் காலை விமானம் ஏழு மணிக்கு என்றால் நான் சிலாங்கூரின் பந்திங்கில் மூன்றரைக்கே எழுந்தாக வேண்டும். செம்பனை ஆலைகளுக்கு உதிரிப் பாகம் விற்கிற வேலை. தாவாவில் இறங்கி, குடிநுழைவு முகப்பில் மைகார்டு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, குனாக் பக்கம் காரில் வேறு ஓட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மேலாளரைப் பிடிக்காவிட்டால் அன்றைய நாள் போச்சு.

இந்த நேரத்தில் எழுவதா என்று கோலாலம்பூர் நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அம்மா பால்மரம் வெட்டியவர், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புமுன் அடுப்பு வேலையை முடித்து எங்களையும் எழுப்பிவிட்டுப் போவார். சபா, சரவாக் நேரத்தோடு சேர்க்க 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள், அதனால்தான் இங்கே பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. "அந்த வருஷம் என் தூக்கத்துல அரை மணி போச்சு" என்று அம்மா இன்றும் சொல்வார்.

ஓலாக் லெம்பிட் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைதான். கேஎல்ஐஏ விமான நிலையமும் 1998-ல் திறக்கும் முன் பெரும்பாலும் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம். இப்போது பந்திங், சுங்கை பெலேக், சாலாக் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் வேலை. விமான நிலையம் பற்றி எழுதுகிறவர்கள் கடைகளையும் லவுஞ்சையும் பற்றியே எழுதுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஏழு மணி விமானம் ஏழுக்குக் கிளம்புகிறது என்றால் அதற்காக இரவெல்லாம் கண்விழித்தவர்கள் இருக்கிறார்கள், முதலில் எழுத வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

ஸ்கேனர் பக்கத்தில் நிற்கிற ஒரு அக்காவை எனக்குப் பழக்கம். என் பையில் அம்மா கட்டிக்கொடுத்த தோசைப் பொட்டலத்தைப் பார்த்ததுமே, "இன்னும் பசியாறலையா தம்பி?" என்பார். இரவு வேலை முடிந்ததும் ஆள் சேரும்வரை வேன் கிளம்பாதாம், வீடு போய்ச் சேர ஒன்பதாகிவிடும், அதற்குள் மகள் பள்ளிக்குப் போயிருப்பாள். இரவெல்லாம் நின்றவர்களை இன்னும் ஒரு மணி நேரம் காக்க வைப்பது அநியாயம். பாதி வேன் காலியாக ஓடினால் என்ன குறைந்துவிடும்?

இந்த முறை ஜன்னல் இருக்கை. கீழே என் பேரிங் பெட்டி பெல்ட்டில் ஏறுவது தெரிந்தது. ஒரு தம்பி கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தான், கனம் தெரிந்ததும் முழங்காலை அண்டக் கொடுத்து, இரண்டு கையாலும் மெல்லத் தள்ளி உள்ளே விட்டான். அவசரத்தில் தூக்கிப் போட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை. குனாக்கில் பெட்டியைத் திறந்தபோது ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த மாதம் மறுபடியும் இதே விமானம். அக்கா மகளுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம் தேர்வு, ஐந்தாம் படிவத்துக் கடைசிப் பரீட்சை. என் தங்கையிடம் பழைய கணக்கு வினாத்தாள்கள் கிடக்கின்றன, எடுத்துப் போக வேண்டும்.