நுவரெலியா அக்காக்குப் பின்னின விரலில்லாத கையுறை

போன கார்த்திகையில அக்காக்கு நுவரெலியாப் பக்கம் ஸ்கூல் மாறிக் கிடைச்சிது. போய் ஒரு கிழமையில கோல் எடுத்து சொன்ன முதல் விசயம், விடிய முதல் பாடத்தில கை விறைச்சு சோக் பிடிக்க ஏலாம இரிக்கு எண்டுதான். மட்டக்களப்புக் கல்லடியில பிறந்து வளந்த ஆள், இஞ்ச மார்கழி வாடைக்கே போர்வைய இழுத்து மூடுறவ, 1,800 மீற்றருக்கு மேல உள்ள ஊர்க் குளிர எப்பிடித் தாங்குவா. கடையில வாங்கின கையுறை இரிக்காம், ஆனா அதப் போட்டா கொப்பி ஒற்றை பிரட்டவும் ஏலா போன் தட்டவும் ஏலா. "விரல் வெளிய தெரியிற மாதிரி ஒண்டு பின்னித் தாடி" எண்டா. ஓட்டை இல்லாமப் பின்னினா கெதியா முடிஞ்சிரும், சூடும் கூட, ஆனா அக்கா அத சாரியோட போடப்போறா, லேஸ் வச்சாத்தான் வடிவு எண்டு எனக்கு மனசு விடேல்ல.

நூலுக்கே நாலு நாள் யோசிச்சன். டவுனில லேசாக் கிடைக்கிறது அக்ரிலிக், பருத்தி நூல். பருத்தி இழுபடாது, நனைஞ்சா பாரம், காயச் சுணங்கும். அக்ரிலிக் பிழையில்ல, ஆனா லேஸ் பின்னி முடிச்சு நனைச்சு விரிச்சு வச்சாலும் காஞ்ச பொறகு பழையபடி சுருங்கிரும், சூடு வச்சுத்தான் படிய வைக்கோணும், அயர்ன் கொஞ்சம் கூடிட்டா நூல் செத்துத் தொளதொளத்துப் போகும். கடைசியில லண்டன் மச்சாள் முந்தி அனுப்பின அசல் கம்பளி நூல், 50 கிராம் உருண்டை ஒண்டு அலுமாரிக்குள்ள கிடந்தது, அதத்தான் எடுத்தன். 4 மில்லிமீற்றர் ஊசி, ரெண்டு பக்கமும் கூரானது, வட்டமாப் பின்னுறதுக்கு.

டிசைன் ஸ்கொட்லாந்துக்கு வடக்கால இரிக்கிற ஷெட்லாந்து தீவுகளிட பழைய அலை டிசைன், ஓல்ட் ஷேல் எண்டு சொல்லுறது. கண்ணி எண்டா ஊசியில நிக்கிற ஒவ்வொரு நூல் வளையம். 18 கண்ணிக்கு ஒரு அலை, அக்காட கைக்கு ரெண்டு அலை, 36 கண்ணி. நாலு வரிசையில ஒரு வரிசைதான் வேலை: ரெண்டு ரெண்டாச் சேத்து மூண்டு தரம் குறைக்கிறது, மறுகா நூலை ஊசியில ஒருக்காச் சுத்தி ஒரு நிட் (சாதாரண நேர்ப் பின்னல்), அப்பிடி ஆறு தரம், திரும்ப மூண்டு தரம் குறைக்கிறது. ஆறு ஓட்டை கூடுது, ஆறு கண்ணி குறையுது, அதால 18 எப்பவும் 18தான். அந்தக் கணக்கு விளங்கின பொறகுதான் எனக்குப் பயம் விட்டது. வரிசை முடிய எண்ணுவன், 35 எண்டா எங்கயோ நூல் சுத்த மறந்திட்டன், அந்த இடத்திலயே பிடிச்சிரலாம், மூண்டு வரிசை போய்ப் பாத்தா அழுகைதான் வரும்.

அப்பா பக்கத்தில கதிரையப் போட்டு வலை முடிஞ்சுகொண்டு இருப்பார். கண்ணி எண்ட சொல்லே எனக்கு அவரிட வலையில இருந்து வந்ததுதான். என்ட பின்னலைக் கையில வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்திட்டு, "முடிச்சே இல்லையே புள்ள, எப்பிடி நிக்கிது?" எண்டு கேட்டார். வலையில ஒரு கண்ணி அறுந்தா அந்த இடம் மட்டும்தான் போகும், மற்ற முடிச்செல்லாம் அப்பிடியே நிக்கும். இதில ஒண்ட விட்டா கீழ வரைக்கும் ஏணி மாதிரி இறங்கிரும். அதுக்காக எட்டு வரிசைக்கு ஒருக்கா எல்லாக் கண்ணிக்குள்ளாலயும் ஒரு தையல் நூலக் கோத்து விட்டிருந்தன், பிழைச்சா அது வரைக்கும்தான் அவிழும். அதக் காட்டினதும் தலைய ஆட்டினார், அப்பாட தலையாட்டல் லேசில கிடைக்காது.

பிழைச்சதும் உண்டு. பெருவிரலுக்கு 5 சென்ரிமீற்றர் பிளவு விடோணும், அந்த இடத்தில வட்டத்த நிப்பாட்டி ஊசியக் கிறுக்கிக் கிறுக்கி முன்னும் பின்னுமாப் பின்னுறது. வட்டத்தில ரெண்டாம் வரிசை நிட், நாலாம் வரிசை பேர்ல், அதாவது நிட்டிட மறுபக்கம், வெளிய மேடான வரியாத் தெரியும். கிறுக்கிப் பின்னேக்க உள்பக்கம் பாத்துப் பின்னுறதால ரெண்டாவது பேர்ல், நாலாவது நிட் எண்டு மாறிரும். நான் பழைய கையோட போயிட்டன், அலைக்கு இடையில வாற வரி இடம் மாறி வந்து நிண்டது. தையல் நூல் வரைக்கும் அவிழ்த்திட்டுத்தான் அண்டைக்குப் படுத்தன். பிளவு வட்டம் தொடங்கிற இடத்திலயே வாறதால இடது வலது வித்தியாசம் இல்ல, ரெண்டும் ஒரே மாதிரித்தான்.

இன்னொண்டு, நம்மட ஊரில கை வேர்க்கும். வேர்த்த கையில கம்பளி வழுக்காது, ஊசியில கடிச்சுக்கொண்டு நிக்கும், ஒவ்வொரு கண்ணியும் இறுகிரும். கையக் கழுவித் துடைச்சு விடிய அஞ்சு மணிக்கு இருந்தாத்தான் ஒழுங்கா ஓடினது.

முடிச்ச உடன பாத்தா கசங்கின துணி மாதிரித்தான் இருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணியில 20 நிமிசம் ஊற வச்சு, முறுக்காம துவாய்க்குள்ள சுத்தி அமத்தி, மெத்தையில குண்டூசியால இழுத்துக் குத்தி விட்டன். மழை நாள், ஃபேனுக்குக் கீழ ரெண்டு நாள் எடுத்தது. குண்டூசியக் கழட்டேக்க ஒவ்வொரு ஓட்டையும் விரிஞ்சு அலை அலையா நிண்டத அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினன்.

பதுளை ரோட்டால போற தெரிஞ்ச ஆள்கிட்டக் குடுத்து விட்டன். திங்கக்கிழமை அக்கா போட்டோ அனுப்பினா, சிவப்புப் பேனையும் கையுமா, கையுறையில சோக் தூள். அடுத்த சோடி மணிக்கட்டில இருந்து இன்னும் ரெண்டு அலை நீளமா வேணுமாம், கூடப் படிப்பிக்கிற டீச்சருக்கும் ஒண்டாம். மச்சாளுக்கு இப்பதான் மெசேஜ் போட்டன், நூல் ரெண்டு உருண்டை அனுப்பச் சொல்லி.