ஓடையில் தண்ணீர் குடித்த டீசல் இன்ஜின்: பிரித்துப் பார்த்த குறிப்புகள்

வண்டி: நான்கு சக்கர இயக்கம், 2 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ, காமன் ரெயில் டீசல். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 88 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் (இழுத்த காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 17:1. ஸ்நார்க்கல் (காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) கிடையாது. காற்று இழுக்கும் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னால், பானட் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது.

ஓடையைக் கடக்கும்போது முன்சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கி, வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போன அலை பானட் மேல் ஏறிவிட்டது. அப்போது லோ ரேஞ்ச், இரண்டாம் கியர், சுமார் 2,500 சுற்று. இன்ஜின் ஒரே ஒரு ‘டொக்’ போட்டு நின்றது. இந்தச் சத்தத்தைக் குறித்து வைப்பது முக்கியம். சென்சார் நனைந்தோ டீசல் தடைபட்டோ அணையும் இன்ஜின் இப்படி நிற்காது. சுழற்சி குறைந்து குறைந்துதான் ஓயும். வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த இன்ஜின் படக்கென்று நின்றால் உள்ளே பிஸ்டனை ஏதோ தடுத்திருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு தண்ணீர் போதும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சிலிண்டர் 500 சி.சி.; 17:1 விகிதத்தில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 500 ÷ 16, அதாவது 31 சி.சி. சமையல் அளவில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். அதற்கு மேல் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது. தண்ணீர் அமுங்காது, ஆகவே இரும்புதான் வளைய வேண்டும்.

தண்ணீரை விட்டு வெளியே இழுத்ததும் சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றியாயிற்று. ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. கியரில் போட்டுத் தள்ளிப் பார்ப்பதும் கூடாது. ஸ்டார்ட்டரைவிட அது மோசம், ஏனென்றால் வண்டியின் எடை முழுவதும் அந்தப் பிஸ்டன் மேல் இறங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸை (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் வைத்து இழுத்துக் கொண்டுவந்தது.

முதல் நாள்

ஏர் ஃபில்டர் பெட்டியில் சேறு, காகிதத்தில் முக்கால் உயரத்துக்கு ஈரக்கோடு. ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அதில் விவாதமே வேண்டாம். ஃபில்டரிலிருந்து டர்போ வரை குழாயைக் கழற்றித் துடைத்தாயிற்று. டர்போ தண்டைக் கையால் சுற்றிப் பார்த்ததில் தடை இல்லை, ஆட்டமும் இல்லை.

பலரும் தவறவிடும் இடம் இன்டர்கூலர், அதாவது டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி. வண்டியின் முன்பக்கம் தாழ்வாக இருப்பதால் உள்ளே போன தண்ணீர் அதன் அடியில் தேங்கி நிற்கும். கீழ்க் குழாயைக் கழற்றியதும் 400 மி.லி. கொட்டியது. சிலிண்டரை மட்டும் காயவைத்துவிட்டு இதை விட்டுவிட்டால், இன்ஜின் கிளம்பி முதல் தடவை ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் இந்த 400 மி.லி.யும் மேலே ஏறும். அப்போது இன்ஜின் முதல் தடவையைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆயில் கேஜில் அளவு அரை விரல் உயர்ந்திருந்தது, நிறம் மாறவில்லை. சம்ப் (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் ஒழுகும்; ஒரு டம்ளர் அளவு வந்து, பின்னால் ஆயில் வந்தது. இன்ஜின் ஓடாமல் இருந்ததால்தான் இரண்டும் கலக்காமல் பிரிந்து நின்றன. ஓட்டியிருந்தால் பால் காப்பி நிறத்தில் வந்திருக்கும், பேரிங்குகளும் அதையே குடித்திருக்கும். ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, தற்காலிகமாக மலிவான 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றியாயிற்று.

அடுத்து டைமிங் பெல்ட் மூடி. படக்கென்று நின்ற இன்ஜினில் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். அதைப் பார்க்காமல் ஸ்டார்ட்டர் அடித்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். ஆனால் குறிகளை நேராக்கிப் பார்க்க இன்ஜினைச் சுற்ற வேண்டும், சுற்ற வேண்டுமானால் சிலிண்டரில் நிற்கும் தண்ணீருக்கு வழிவிட முதலில் க்ளோ பிளக்குகள் (குளிரில் கிளம்பச் சிலிண்டரைச் சூடாக்குபவை) வெளியே வர வேண்டும்.

க்ளோ பிளக் கழற்றுவதில் அவசரம் ஆகாது. எம்10 பிளக் 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் உடையும். எம்8 என்றால் 20 தான். உடைந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலை வரும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, டார்க் ரெஞ்சை 30-இல் வைத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்ததில் நான்கும் வந்தன. மூன்றாவதன் துளையில் தண்ணீர் விளிம்புவரை தெரிந்தது. நான்காவதில் ஈரம் மட்டும்.

இரண்டாம் நாள்

கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றியது. எதிர்த்திசையில் சுற்றினால் டென்ஷனர் தளர்ந்து பெல்ட் தாண்டக்கூடும். முழுதாக இரண்டு சுற்று, 720 டிகிரி. அப்போதுதான் நான்கு சிலிண்டரும் எல்லா ஓட்டத்தையும் ஒரு தடவை முடிக்கும். எங்கேயும் இரும்பு முட்டும் உணர்வு இல்லை. டைமிங் மார்க்குகள் சரியாக நேர்ப்பட்டன.

பிறகு இன்ஜெக்டர்களின் (சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சுபவை) மின் கப்ளர்கள் நான்கையும் பிடுங்கிவிட்டு, துளைகள் மேல் பழந்துணி போர்த்தி, ஸ்டார்ட்டரில் 10 வினாடி ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்று நான்கு முறை. மூன்றாவதிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. துளைக்கு நேரே முகம் வைக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறார். ஈரம் நின்றதும் ஒவ்வொரு துளையிலும் 5 மி.லி. மெல்லிய எண்ணெய் விட்டு மறுபடி கையால் சுற்றியது. ரிங்கும் போரும் ஈரத்தோடு இரண்டு நாள் நின்றால் துரு பிடித்துவிடும். எண்ணெயும் அமுங்காத திரவம்தான், அதனால் கை தாராளம் காட்டக் கூடாது. பிளக் போடுவதற்கு முன் மறுபடி ஸ்டார்ட்டரில் சுற்றி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தப்பு நடந்தது. பிளக்குகள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்திருக்க வேண்டும். கை சுற்றலில் தடையில்லை, மார்க்குகளும் சரி என்ற தைரியத்தில் பிளக்குகளைப் பூட்டியாயிற்று. அதனால் பின்னால் ஒரு நாள் வீண்.

கப்ளர்களைக் கழற்றிக் காற்றடித்துக் காயவைத்து, டீசல் ஃபில்டரின் தண்ணீர் வடிகுழாயைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை விட்டு, பேட்டரி இணைத்து ஸ்டார்ட் செய்ததில் இன்ஜின் கிளம்பியது. வெள்ளைப் புகை, பத்து நிமிடத்தில் குறைந்தது, சூடானதும் நின்றது. ஐட்லிங்கில் மட்டும் லேசான உதறல். ஓட்டத்தில் தெரியவில்லை. பத்து நிமிடம் ஓடியபின் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றியாயிற்று. இந்த ஆயில் லேசாக மங்கியிருந்தது.

ஸ்கேனரில் கிராங்க் சென்சாருக்கும் காற்றளவு சென்சாருக்கும் பழைய பிழைக் குறியீடுகள் இருந்தன. அழித்தபின் திரும்பவில்லை. இன்ஜெக்டர் திருத்த அளவுகளைப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது: 1, 2, 4 சிலிண்டர்கள் பூஜ்யத்தை ஒட்டி, 0.8 மி.கி.க்குள், மூன்றாவதுக்கு மட்டும் +3.2 மி.கி. அந்தச் சிலிண்டர் சோம்பலாக இருப்பதால் கம்ப்யூட்டர் அதற்குக் கூடுதலாக டீசல் ஊட்டிச் சமன் செய்கிறது.

மூன்றாம் நாள்

சந்தேகம் முதலில் இன்ஜெக்டர் மேல். மூன்றாவதை ஒன்றாவது இடத்துக்கும், ஒன்றாவதை மூன்றாவது இடத்துக்கும் மாற்றிப் போட்டது. மாற்றும்போது ஒவ்வொன்றின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டையும் ஸ்கேனர் வழியே புதிய இடத்துக்கு எழுத வேண்டும்; இல்லையென்றால் திருத்த அளவுகளை நம்ப முடியாது. அடியில் புது செம்பு வாஷர், உயரழுத்தக் குழாய்களின் வாய்களுக்கு உடனுக்குடன் மூடி. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும், இன்ஜெக்டர் போய்விடும்.

முடிவு: +3.2 மூன்றாவது சிலிண்டரிலேயே நின்றது. இன்ஜெக்டரோடு நகரவில்லை. ஆகவே குற்றம் சிலிண்டரில்.

மறுபடி க்ளோ பிளக் கழற்றி, இன்ஜெக்டர் கப்ளர்களைப் பிடுங்கி, முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியோடு கம்ப்ரஷன் பார்த்தாயிற்று. சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எண்கள் எல்லாமே குறைவாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஆறு அமுக்கு:

1: 29 பார்
2: 28.5 பார்
3: 23.5 பார்
4: 29 பார்

ஐந்து பாருக்கு மேல் வித்தியாசம். பெட்ரோல் இன்ஜின் பழக்கத்தில் அடுத்துத் தோன்றுவது, சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பது; அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டீசலில் இந்தச் சோதனை ஏமாற்றும். மேலே இருக்கும் இடமே 31 சி.சி.; அதில் 5 சி.சி. ஆயில் உட்கார்ந்தால் இடம் சுருங்கியே அழுத்தம் ஏறிவிடும், ரிங் நன்றாக இருந்தாலும்.

அதனால் கசிவுச் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் வைத்து, கிராங்கை அசையாமல் பிடித்து, க்ளோ பிளக் துளை வழியே 7 பார் காற்று கொடுத்து எவ்வளவு தப்புகிறது என்று பார்ப்பது. கிராங்கைப் பிடிக்காவிட்டால் காற்றே பிஸ்டனைக் கீழே தள்ளி, புல்லி மேல் இருக்கும் கைப்பிடி சுழன்று அடிக்கும். வந்த எண்கள் 11, 12, 12, 10 சதவீதம். ஆயில் மூடியில் காது வைத்தால் மெல்லிய சீறல், அது நான்கிலும் ஒன்றுதான். ரேடியேட்டரில் குமிழி இல்லை, சைலன்சரில் சத்தம் இல்லை.

இங்கேதான் நோய் பிடிபட்டது. அழுத்தம் குறைவு, ஆனால் கசிவு இல்லை. ரிங் தேய்ந்தாலோ, வால்வு எரிந்தாலோ, ஹெட் கேஸ்கட் போயிருந்தாலோ இரண்டும் சேர்ந்தே கெடும். காற்று எங்கும் தப்பாமலே அழுத்தம் குறைகிறதென்றால், பிஸ்டன் போக வேண்டிய உயரத்துக்குப் போகவில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்து குட்டையாகியிருக்கிறது.

நான்காம் நாள்

ஹெட்டைக் கழற்றாமல் இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. இந்த இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டநடுவில் செங்குத்தாக நிற்கிறது. அதைக் கழற்றி, அந்தத் துளை வழியே நீளமான பித்தளைக் கம்பியை இறக்கினால் பிஸ்டன் தலைக் குழியின் நடுமேட்டில் உட்காரும். மேலே டயல் கேஜ், நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி. கிராங்கை மெதுவாகச் சுற்றி, முள் திரும்பும் இடத்தைக் குறிப்பது. ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து நெருங்க வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், பிஸ்டனில் கீறல் விழும். கம்பி உள்ளே விழாதபடி மேலே ஒரு வளைவு கட்டாயம்.

ஒன்றாவதைப் பூஜ்யமாக வைத்தால் இரண்டாவது 0.02, நான்காவது 0.03 மி.மீ. தாழ்வு. மூன்றாவது 1.05 மி.மீ. தாழ்வு.

கம்ப்ரஷன் எண்ணோடு இது ஒத்துப்போகிறதா? 88 மி.மீ. போரின் பரப்பு 60.8 ச.செ.மீ. பிஸ்டன் 1.05 மி.மீ. கீழே நின்றால் 6.4 சி.சி. இடம் கூடும், 31.2 என்பது 37.6 ஆகும். விகிதம் 17-இலிருந்து 14.3-க்கு இறங்கும். அழுத்தம் விகிதத்தின் 1.3 அடுக்கில் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டால் 29 பார் என்பது 23 ஆக வேண்டும். கேஜ் காட்டியது 23.5. குளிரில் வெள்ளைப் புகை வந்ததன் காரணமும் இதுவே: அமுக்கிய காற்று போதுமான சூடு ஏறாமல் டீசல் பாதி எரிந்து வெளியேறியது.

கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததில், போரின் மேல் விளிம்பில் இருக்கும் கரிப் பட்டை மூன்றாவதில் மட்டும் அகலமாக இருந்தது. பழைய பட்டைக்குக் கீழே புதிதாக மெல்லிய கோடு. சம்பைக் கழற்றியபின் பிஸ்டன் பாவாடையின் அடியில் கிராங்க் எடை உரசிய பளபளப்பும் தெரிந்தது. மேலே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கீழேயும் இறங்கித்தானே ஆக வேண்டும்.

உதறல் லேசாகத்தான் இருக்கிறது என்று இப்படியே ஓட்டுபவர்கள் உண்டு. வளைந்த ராடு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நெளிந்து களைத்து, ஒரு நாள் முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எப்போது என்பது அதன் விருப்பம்.

அதன் பிறகு

ஹெட் கழற்றி, மூன்றாவது ராடும் பிஸ்டனும் மேல் வழியாக வெளியே. வெறும் கண்ணுக்கு ராடு நேராகத்தான் தெரிந்தது. சமதளப் பலகையில் இரண்டு துளைகளிலும் பின் செருகி அளந்தபோதுதான் நடுத்தூரம் குறைந்திருப்பதும், லேசான முறுக்கும் தெரிந்தன. நிமிர்த்திப் போடும் யோசனையே வேண்டாம். மற்ற மூன்றோடும் எடை பொருந்தும் புது ராடு, புது ராடு போல்ட்டுகள், பேரிங் ஷெல்கள், புது ஹெட் போல்ட்டுகள். ஹெட் கேஸ்கட்டின் தடிமனைப் பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்துதான் தேர்வு செய்ய வேண்டும். பழைய கேஸ்கட்டில் இருக்கும் துளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அப்படியே வாங்குவது, ராடு மாறிய இன்ஜினுக்குச் சரிப்படாது.

பூட்டியபின் கம்ப்ரஷன்: 29, 29, 29.5, 29. மூன்றாவதின் திருத்தம் +0.4.

இன்ஜின் வேலையின் நடுவே பார்த்த மற்றவை: பின் ஆக்ஸில் ஆயில் பால் நிறம், பிரீதர் (ஆக்ஸில் மூச்சுவிடும் துளை) மூடி சேற்றில் அடைத்திருந்தது. சூடான ஆக்ஸில் தண்ணீரில் குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீல் வழியே தண்ணீரை இழுத்திருக்கிறது. பிரீதருக்குக் குழாய் நீட்டி இன்ஜின் அறையின் உச்சிவரை கொண்டுபோயாயிற்று. கிளட்ச் மூடியின் அடித் துளையைத் திறந்து வடித்தது. ஃபேன் இறகுகள் தண்ணீரில் முன்னால் வளைந்து ரேடியேட்டரைத் தொட்டிருந்தன, இரண்டு இடத்தில் உரசல் தடம், கசிவில்லை. ஆல்டர்னேட்டரைப் பிரித்துச் சேறு கழுவவேண்டியது பாக்கி.