ஆயிரம் ரூபாய்க்குப் பதினொரு நடை

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரம் எங்கள் வீடு. 2017 டிசம்பரில், பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கும்போது, கரையோர வீடுகளை அரசு அப்புறப்படுத்தியது. சாமான்களை லாரியில் ஏற்றி, சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய குடியிருப்பில் இறக்கிவிட்டார்கள். எட்டடுக்குக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. தளம் போட்ட வீடு, உள்ளேயே கழிவறை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவின் முதியோர் பென்ஷன்தான் நின்றுபோனது. பழைய இடத்தில் வங்கி ஆள் கைரேகை மிஷினோடு தெருவுக்கே வருவார். அம்மா அங்கே இல்லை என்றதும் பணம் வரவில்லை. பழைய தாலுகா ஆபீசில், "நீங்க இப்ப காஞ்சிபுரம் மாவட்டம்மா, அங்க போய்க் கேளுங்க" என்றார்கள். பக்கத்துச் செம்மஞ்சேரி மாநகராட்சிக்குள் இருக்கிறது, நாங்கள் இருப்பது ஊராட்சி என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

புது ஆபீசில் ரேஷன் கார்டில் முகவரி மாறியிருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு ஆதார் மாற வேண்டும். ஆதாருக்கு வீட்டு ஒதுக்கீட்டு ஆணை. ஆணையில் அம்மா பெயரின் கடைசியில் 'ள்' விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு 'ள்'ளுக்கு மட்டும் மூன்று நடை.

"நாளைக்கு வாங்க" என்று முன்பும்தான் சொல்வார்கள். அப்போது ஆபீஸ் கால்மணி நேர நடை. வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிடுவேன். தி.நகர் ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. இங்கிருந்து ஒவ்வொரு 'நாளைக்கு'ம் ஒரு நாள் சம்பளப் பிடித்தம். கைரேகைக்கு அம்மாவும் வர வேண்டும். லிஃப்ட் ஓடாத நாளில் முட்டிவலியோடு ஐந்து மாடி இறங்கி, ஏற வேண்டும். பெண்களுக்கு இலவச பஸ் வந்தது 2021-இல். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துத்தான் போனோம்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே அலையாதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பழைய பென்ஷன் ஆணையையும் பாஸ்புக்கையும் லாரியில் போடாமல் கையில் வையுங்கள். எங்களுடைய ஆணை அரிசி மூட்டைக்கடியில் நனைந்து கிடந்தது.

மனு எண்ணைக் காட்டிய பிறகு இரண்டே நடையில் முடிந்தது. மொத்தம் பதினொன்று. மாதம் ஆயிரம் ரூபாய்க்காக நான் விட்ட சம்பளம் நாலாயிரத்துக்கு மேல்.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நாங்கள் அதற்குள் போனோம். டிவியில் செய்தி ஓடும்போது அம்மா கேட்டாள்: "மறுபடியும் அலையணுமாடி?"